பிஹெச் ஏறிக்கொண்டே போகிறது, வேர் உள்ளே என்ன செய்கிறது?

இலைச்சுருள்:
மண் இல்லாமல் சத்துநீரில் நாலைந்து செடி வளர்க்கிறேன். தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஹெச்சை 5.8ல் வைத்தால் மூன்றாம் நாள் 6.5ஐத் தாண்டி நிற்கிறது, தினமும் அமிலம் விட்டு இறக்கி அலுத்துவிட்டது. நைட்ரஜன் சத்தாகக் கொடுக்கும் நைட்ரேட்தான் காரணம் என்று படித்தேன், படித்ததும் குழப்பம் கூடிவிட்டது. நைட்ரேட்டுக்கு எதிர்மின்னூட்டம், வேர்ச் செல்லின் உள்பக்கமும் எதிர்மின்னூட்டம். ஒன்றையொன்று தள்ளத்தானே வேண்டும், எப்படி உள்ளே போகிறது? அப்புறம், தண்ணீரில் நைட்ரேட் எவ்வளவு இருக்கிறது என்று வேருக்குத் தெரியுமா, இல்லை கிடைத்ததை உறிஞ்சுவதோடு சரியா?

மண்புழு:
பிஹெச் ஏறுவதற்கும் நைட்ரேட் உள்ளே போவதற்கும் பதில் ஒன்றுதான். நைட்ரேட் தனியாகப் போவதில்லை, ஒரு நைட்ரேட்டுக்கு இரண்டு புரோட்டானை (தண்ணீருக்கு அமிலத்தன்மை தரும் ஹைட்ரஜன் அயனி) துணைக்கு அழைத்துக்கொண்டு போகிறது. கூட்டினால் மொத்தம் நேர்மின்னூட்டம் ஒன்று, அதை உள்ளே இருக்கும் எதிர்மின்னூட்டமே இழுத்துக்கொள்ளும். செல் சவ்வில் இருக்கும் பம்ப் ஆற்றலைச் செலவழித்து ஒரு புரோட்டானை வெளியே தள்ளினால் மின் கணக்கு சரியாகிவிடும், இன்னொன்று உள்ளேயே தங்கிவிடுகிறது. ஆக ஒவ்வொரு நைட்ரேட்டுக்கும் உங்கள் தண்ணீரில் ஒரு புரோட்டான் குறைகிறது. பிஹெச் ஏறாமல் என்ன செய்யும்?

அரைகுறை:
வேருக்கு நன்றாகவே தெரியும். கதை குளோரேட்டில் தொடங்குகிறது. அது ஒரு களைக்கொல்லி, நைட்ரேட் போலவே வேஷம் போட்டு உள்ளே நுழைந்து செடியைக் கொன்றுவிடும். அதில் சாகாமல் பிழைத்த அராபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் செடிகளில், நைட்ரேட்டை உள்ளே விடும் வாசலான சவ்வுப் புரதம் பழுதாகியிருந்தது, அந்த வாசலுக்கான மரபணுவை 1993ல் பிரித்தெடுத்தார்கள். இப்போது என்ஆர்டி1.1 என்கிறார்கள். இதில் எனக்குப் பிடித்த விஷயம், வெளியே நைட்ரேட் குறைந்தால் இந்தப் புரதத்தின் 101ஆம் இடத்தில் உள்ள திரியோனின் என்ற அமினோ அமிலத்தின்மேல் ஒரு பாஸ்பேட் ஒட்டிக்கொள்கிறது, உடனே மைக்ரோமோலார், அதாவது மிகச் சொற்ப அளவில் இருப்பதையும் பிடிக்கும் நிலைக்கு மாறிவிடும். நிறைய இருந்தால் பாஸ்பேட் இல்லாத நிலை, அதைவிட ஆயிரம் மடங்கான மில்லிமோலார் அளவுக்கு ஏற்ற மாதிரி. ஒரே கதவு, இரண்டு விதமான பிடி.

மண்புழு:
குறுக்கே ஒரு திருத்தம். நைட்ரேட் ரொம்பக் குறைவாக இருக்கும்போது பெரும்பங்கு வேலை செய்வது என்ஆர்டி2.1 என்ற இன்னொரு வாசல் புரதம், என்ஆர்டி1.1 இல்லை. அதுவும் தனியாக நிற்காது, துணைப் புரதம் ஒன்று வேண்டும்.

அரைகுறை:
சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உணர்வது பற்றிக் கேட்டாரே, அதற்கு என்ஆர்டி1.1ஐ விட முடியாது. 2009ல் வந்த ஆய்வில், நைட்ரேட்டை உள்ளே விடமுடியாதபடி பழுதான, ஆனால் சவ்வில் உட்கார்ந்திருக்கும் என்ஆர்டி1.1 திரிபு உள்ள ஒரு செடி கிடைத்தது. அந்தச் செடியிலும் நைட்ரேட் பட்டதும் மரபணுக்கள் விழித்துக்கொண்டன! கடத்துவது வேறு, உணர்வது வேறு, இரண்டையும் ஒரே புரதம் செய்கிறது. அது வாசலில் நடக்கிற உணர்வு. உள்ளே வந்த நைட்ரேட்டை என்எல்பி7 என்ற புரதம் நேரடியாகப் பிடித்து உணர்கிறது என்று 2022ல் காட்டினார்கள்.

வேர்த்தூவி:
பழைய பார்லி சோதனையை யாரும் சொல்லவில்லையே. 1975ல் வேரின் நடுப்பகுதிக்கு மட்டும் நைட்ரேட் நிறையக் கொடுத்தார்கள், அந்த இடத்தில் மட்டும் பக்கவேர்கள் அடர்ந்து வளர்ந்தன. உணவு கிடைத்ததால் கொழுத்தது என்று தோன்றும். ஆனால் பிறகு அராபிடாப்சிஸில், நைட்ரேட்டை உடைத்துப் பயன்படுத்தும் நொதி பெரும்பாலும் இல்லாத செடியிலும் பக்கவேர் அப்படியே நீண்டது, அதாவது நைட்ரேட் அங்கே சாப்பாடாக இல்லை, சேதியாக வேலை செய்கிறது. இன்னொரு பக்கம், பட்டினி கிடக்கிற வேர் சிறு புரதத் துண்டுகளைத் தண்டு வழியாக மேலே அனுப்பும். இலையிலிருந்து பதில் இறங்கி வந்து, நைட்ரேட் கிடைக்கும் வேரில் என்ஆர்டி2.1ஐக் கூட்டிவிடும். பசித்தவன் ஒருவன், சம்பாதிக்கப் போகிறவன் வேறொருவன்.

இலைச்சுருள்:
அப்படியா! நான் வேர் ஏதோ காரத்தைக் கக்குகிறது என்று நினைத்தேன். அப்படியென்றால் கொஞ்சம் அம்மோனியம் சேர்த்தால் பிஹெச் ஏறாதா?

மண்புழு:
ஆமாம், அம்மோனியத்துக்கு நேர்மின்னூட்டம், அதை எடுக்கும்போது வேர் புரோட்டானை வெளியே விடும். மொத்த நைட்ரஜனில் பத்தில் ஒரு பங்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள், அதிகமானால் வேருக்கே நஞ்சு. சேர்த்த அன்றிலிருந்து தினமும் பிஹெச் பாருங்கள், ஏனென்றால் செடி முதலில் அம்மோனியத்தைத்தான் காலி செய்யும், அது தீர்ந்ததும் மறுபடி ஏறத் தொடங்கும்.