பழைய மடிக்கணினியைத் திணறடிக்காத பிசிபி (அச்சிட்ட மின்சுற்றுப் பலகை) வடிவமைப்பு மென்பொருள் எது?

செம்புத்தடம் (பிறை, பினாங்கு)

வணக்கம். பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைப் பிரிவில் பணிபுரிகிறேன். ஓய்வு நேரத்தில் சிறிய உணரிப் பலகைகளை வடிவமைக்கிறேன். எல்லாமே இரண்டு செம்பு அடுக்குகள் கொண்ட பலகைகள்தாம். இதுவரை ஈகிள் மென்பொருளின் இலவசப் பதிப்பே போதுமானதாக இருந்தது. பலகையின் பரப்பு 80 சதுர சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது என்ற அதன் வரம்பும் எனக்குத் தொல்லை தந்ததில்லை. ஆனால், 2026 ஜூன் 7ஆம் தேதியோடு ஈகிளை நிறுத்திவிடுவதாக அதன் உரிமையாளரான ஆட்டோடெஸ்க் நிறுவனம் 2023இலேயே அறிவித்துவிட்டதால், வேறொன்றுக்கு மாறித்தான் ஆக வேண்டும். வீட்டில் இருப்பது 4 ஜிபி நினைவகமுள்ள பழைய மடிக்கணினி. டெபியன் லினக்ஸ் நிறுவியிருக்கிறேன். இணைய உலாவியில் இயங்கும் மென்பொருள் வேண்டாம். பழைய ஈகிள் கோப்புகளையும் திறக்க முடிய வேண்டும். எதைப் பரிந்துரைப்பீர்கள்?

ஜாலான் பாசார் வாடிக்கையாளன் (கோலாலம்பூர்)

கிகேட் என்பதே என் பதில். 1992இல் பிரான்சில் ஷான் பியேர் ஷாரா தொடங்கிய இந்தக் கட்டற்ற மென்பொருளுக்கு, பின்னாளில் ஐரோப்பிய அணு ஆராய்ச்சி மையமான செர்ன் ஆய்வகத்தின் பங்களிப்பும் கிடைத்தது. பலகையின் பரப்புக்கோ அடுக்குகளுக்கோ உரிமக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. "கிகேட் கனமானது" என்று பலர் குறைப்பட்டுக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் வட்டை அடைத்துக்கொள்வது மென்பொருளன்று, உதிரிப்பாகங்களின் முப்பரிமாண மாதிரிகள்தாம். டெபியனில் அவை தனிப் பொதியாக இருப்பதால், அதை நிறுவாமலே விட்டுவிடலாம். மின்சுற்று வரைவதற்கோ, தடம் இழுப்பதற்கோ, பலகை தயாரிப்பவருக்கு அனுப்பும் கெர்பர் கோப்புகளை எடுப்பதற்கோ அவை தேவையில்லை. நகர்த்தும்போது திரை தயங்கினால், விருப்பத்தேர்வுகளில் கிராஃபிக்ஸ் முறையை மாற்றிப் பாருங்கள்.

வெள்ளீயம் (பட்டர்வொர்த்)

லிப்ரேபிசிபி என்ற மென்பொருளையும் ஒரு முறை பாருங்கள். அதன் 1.0 பதிப்பு 2023இல் வெளிவந்தது. வேண்டிய உதிரிப்பாக நூலகங்களை மட்டும் தேர்ந்தெடுத்துப் பதிவிறக்கும் வசதி உள்ளதால், வட்டில் இடம் குறைவாகவே பிடிக்கும். புதிதாகத் தொடங்கும் மாணவர்களுக்கு நான் அதைத்தான் கொடுப்பேன். ஆனால் கிகேட்டோடு ஒப்பிட்டால் ஆயத்த உதிரிப்பாகங்கள் குறைவு. சற்று அரிதான இணைப்பி வேண்டுமென்றால் நாமே வரைய வேண்டியிருக்கும். பழைய கோப்புகள் நிறைய இருப்பவருக்கு, முன்னவர் சொன்ன கிகேட்தான் பொருத்தம்.

செம்புத்தடம்

இருவருக்கும் நன்றி. ஈகிள் கோப்புகளைக் கிகேட்டுக்குள் கொண்டுவரும்போது கவனிக்க வேண்டியது என்ன?

ஜாலான் பாசார் வாடிக்கையாளன்

ஈகிள் 6ஆம் பதிப்பு முதல் கோப்புகள் எக்ஸ்எம்எல் என்ற உரை வடிவில் சேமிக்கப்படுவதால், அவற்றைக் கிகேட் நேரடியாக இறக்குமதி செய்யும். அதற்கும் முந்தைய கோப்புகள் இருந்தால், ஈகிள் உங்கள் கணினியில் இயங்கும்போதே புதிய பதிப்பில் திறந்து மறுபடி சேமித்துவிடுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம். இறக்குமதி முடிந்ததும் பலகைத் திரையில் பி (B) விசையை அழுத்தி, செம்புப் பரப்புகளை மீண்டும் நிரப்புங்கள். பிறகு, தடங்கள் மிக நெருங்கியிருப்பது போன்ற பிழைகளைக் காட்டும் வடிவமைப்பு விதிச் சோதனையை ஓட்டுங்கள். தடங்களின் இடைவெளியை ஈகிளில் வைத்திருந்தபடியே கிகேட் எடுத்துக்கொண்டதா என்பதை நீங்களே ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

வெள்ளீயம்

ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். கெர்பர் கோப்புகளுக்கும் துளைக் கோப்புக்கும் ஒரே ஆதிப்புள்ளியை (அளவுகள் தொடங்கும் இடத்தை) தேர்ந்தெடுங்கள். இரண்டும் வேறுபட்டால், திரையில் சரியாகத் தெரிந்த துளைகள் தயாரிப்புக் கோப்பில் திண்டுகளை (உதிரிப்பாகங்களைப் பற்றவைக்கும் செம்புப் பகுதிகளை) விட்டு மொத்தமாக விலகி நிற்கும். கிகேட்டோடு வரும் கெர்பர் பார்வையியில் இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாகத் திறந்து பார்த்த பிறகே பலகை தயாரிப்பவருக்கு அனுப்புங்கள்.