பெண்டைன் மணலில் இருந்து தோண்டிய 'பாப்ஸ்': மீட்பா, மறுவார்ப்பா?

பழஞ்சக்கரம்:
1927 மார்ச் 3 அன்று, வேல்ஸின் பெண்டைன் கடற்கரையில், மால்கம் கேம்பல் முந்தைய மாதம் பறித்துக்கொண்ட தரைவேகச் சாதனையை மீட்க முயன்ற பாரி தாமஸ், தம் 'பாப்ஸ்' வண்டி கவிழ்ந்து இறந்தார். வண்டியை அங்கேயே மணலில் புதைத்தார்கள். 1969இல் ஓவன் வின் ஓவன் அதைத் தோண்டியெடுத்து, பல ஆண்டுகள் பாடுபட்டு மீண்டும் ஓடச் செய்தார். அவருடைய உழைப்பை வணங்குகிறேன்; ஆனால், உப்பு அரித்துத் தின்ற மேற்கூட்டைப் புதிதாக அடித்து வண்ணம் பூசிய பின், நாம் காண்பது தாமஸ் ஓட்டிய வண்டிதானா?

சங்கிலிப்பல்:
தாமஸ் ஓட்டியதே ஒட்டுப்போட்ட வண்டிதானே, நண்பரே! 27 லிட்டர் லிபர்ட்டி விமான எஞ்சினையும் பழைய பென்ஸ் கியர்பாக்ஸையும் இணைத்து பந்தய ஓட்டுநர் ஸ்பரோவ்ஸ்கி கட்டியதை, அவர் 1924இல் இத்தாலியின் மொன்சா பந்தயத்தில் இறந்த பின் தாமஸ் 125 பவுண்டுக்கு வாங்கினார். பிஸ்டன்களைத் தாமே வடிவமைத்து மாற்றி, 1926 ஏப்ரலில் மணிக்கு 171 மைல் வேகத்தைத் தொட்டார். மேலும், பின்சக்கரத்தைச் சுழற்றும் சங்கிலி அறுந்துதான் அவர் இறந்தார் என்ற பழைய கதையை ஐயுற்று, பின்சக்கரமே முதலில் சிதைந்திருக்கலாம் என்று எண்ண இடம் தந்தது தோண்டியெடுத்த வண்டிதான்.

பழஞ்சக்கரம்:
தடயம் கிடைத்தது தோண்டியதால், புதுப்பித்ததால் அன்று. 2009இல் மஜோரே ஏரியிலிருந்து தூக்கிய பழைய புகாட்டி காரைத் துருவோடேயே அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். அதன் முன் நின்றால், ஏரிக்கடியில் கழிந்த காலமும் கண்ணுக்குத் தெரியும்.

சங்கிலிப்பல்:
1929, 1930 லே மான் 24 மணி நேரப் பந்தயங்களை வென்ற பென்ட்லி கார் 'ஓல்ட் நம்பர் ஒன்' வழக்கை மறந்துவிட்டீர்கள். முதலில் பூட்டிய உறுப்புகள் ஏறத்தாழ எதுவும் மிஞ்சாத நிலையிலும், அந்தப் பெயருக்கு அவ்வண்டி உரியதே என 1990இல் லண்டன் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பழஞ்சக்கரம்:
மறக்கவில்லை, அத்தீர்ப்பு என் பக்கமே சாய்கிறது. பென்ட்லியின் வரலாறு அறுபடாமல் தொடர்ந்தது என்பதே அங்கு அடிப்படை. பாப்ஸுக்கோ நடுவில் 42 ஆண்டு இடைவெளி.

சங்கிலிப்பல்:
இடைவெளி ஓட்டத்துக்குத்தான், வண்டிக்கு இல்லை. அந்த 42 ஆண்டும் அது ஒரே குழியில் கிடந்தது. எவரும் உறுப்பு மாற்றவில்லை, விற்கவில்லை. பட்டறை பட்டறையாகத் திரிந்த எந்தப் பந்தய வண்டிக்கு இவ்வளவு ஐயமற்ற வரலாறு உண்டு?

பழஞ்சக்கரம்:
சட்டகத்தைப் பொறுத்தவரை ஏற்கிறேன். மேற்கூட்டின் தகடுகளில் எவை 1926ஐச் சேர்ந்தவை, எவை பின்னால் அடித்தவை என்று வண்டியின் மீதே பொறித்து வைக்கட்டும்; அதன் பிறகு எஞ்சினை எத்தனை முறை முழக்கினாலும் எனக்கு மறுப்பில்லை.