மொழி பிறவியிலேயே வருவதா, கேட்டுப் பழகுவதா? அக்பர் சோதனையை வைத்து ஒரு சந்தேகம்

மதியஷிப்ட்:
மில்லில் டீ நேரத்தில் ஆரம்பித்த வாக்குவாதம், இன்னும் ஓயவில்லை. மொழி பிறக்கும்போதே மூளையில் இருக்கிறது, மொழியியல் அறிஞர் சாம்ஸ்கியே சொல்லிவிட்டார் என்கிறான் நண்பன். நான் அக்பரை இழுத்தேன். கைக்குழந்தைகளை ஒரு மாளிகையில் வைத்து, யாரும் அவர்களிடம் வாய் திறக்கக்கூடாது என்று உத்தரவு போட்டு வளர்த்தாராம். 1582-இல் போய்ப் பார்த்தால் ஒரு பிள்ளைக்கும் பேச்சு வரவில்லை. அப்படியென்றால் மொழி கேட்டுப் பழகுவதுதானே? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஹாஸ்டல்டீச்சர்:
தம்பி, பேச்சைக் கேட்காத பிள்ளைக்குப் பேச்சு வராது, அக்பர் கதையில் தெரிவது அவ்வளவுதான். அந்தப் பிள்ளைகள் தங்களுக்குள் கையால் என்ன சொல்லிக்கொண்டார்கள் என்று யார் உட்கார்ந்து பார்த்தார்கள்?

காது கேளாத பிள்ளைகளின் விடுதியில் வேலை பார்த்தவள் நான். வகுப்பில் கையைக் கட்டு, உதட்டைப் பார் என்போம். ராத்திரி விளக்கை அணைத்ததும், தெருவிளக்கு வெளிச்சம் விழுகிற கட்டிலில் எல்லாம் கூடிவிடும். வார்டன் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு நடப்பதைக் கையாலேயே காட்டிச் சிரிப்பார்கள். எதுவும் நாங்கள் சொல்லித் தந்ததில்லை.

இதைப் பெரிய அளவில் பார்த்த இடம் நிகராகுவா. அங்கே 1977-இல் தலைநகர் மனாகுவாவில் காது கேளாத பிள்ளைகளும் படிக்க ஒரு சிறப்புப் பள்ளி வந்தது. 1979 புரட்சிக்குப் பிறகு இன்னொன்றும் சேர்ந்து, 1983-இல் இரண்டிலுமாக 400 பிள்ளைகளுக்கு மேல். அதுவரை அவரவர் வீட்டில் தனியாகக் கிடந்தவர்கள். சோறு, தண்ணீர் கேட்க நாலு சைகை, அவ்வளவே. ஆசிரியர்கள் ஸ்பானிஷ் உதட்டசைவைப் படிக்கச் சொன்னார்கள், ஏறவில்லை. ஆனால் மைதானத்திலும் பள்ளி பஸ்ஸிலும் வீட்டுச் சைகைகள் ஒன்றோடொன்று கலந்தன. அடுத்து வந்த நண்டு சிண்டுகள் அதைப் பிடித்துக்கொண்டு இலக்கணமே போட்டுவிட்டன.

பின்னாளில் ஆன் செங்காஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் இவர்களுக்கு ஒரு கார்ட்டூனைக் காட்டிக் கதை சொல்லச் சொன்னார்கள். பந்தை விழுங்கிய பூனை சரிவில் உருண்டு இறங்குகிறது. முதல் செட் ஆட்கள் பெரும்பாலும், நாம் பேசும்போது கையை ஆட்டுவோமே அதுபோல, உருளுவதையும் இறங்குவதையும் ஒரே வீச்சில் காட்டினார்கள். சின்ன வயதில் பின்னால் வந்து சேர்ந்தவர்கள் முதலில் ‘உருள்’, அப்புறம் ‘இறங்கு’ என்று பிரித்துச் சொன்னார்கள். கண்ணால் பார்த்தது ஒரே அசைவு. அதை இரண்டாக உடைத்து வரிசையில் வைக்க எந்த வாத்தியாரும் கற்றுத்தரவில்லை. இது 2004-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது.

கூட்டல்கழித்தல்:
டீச்சர் சொல்வது சரி, ஆனால் அதிலிருந்து இலக்கணமே பிறவியில் வருகிறது என்று தாவ முடியாது. 1996-இல் ஜெனி சாஃப்ரனும் உடன் ஆய்வு செய்தவர்களும் எட்டு மாதக் குழந்தைகளுக்கு அர்த்தமில்லாத அசைகளை இடைவெளி விடாமல் இரண்டு நிமிடம் ஒலிக்கவிட்டார்கள். எந்த அசைக்குப் பின் எது அடிக்கடி வருகிறது என்பதை வைத்தே குழந்தைகள் ‘சொற்களை’ப் பிரித்துக்கொண்டன. கணக்குப் போடும் மூளை இருந்தால் போதும், மொழிக்கென்று தனி இலாகா எதற்கு?

ஹாஸ்டல்டீச்சர்:
அந்தக் குழந்தைகள் காதில் விழுந்ததைப் பிரித்தார்கள். மனாகுவா பிள்ளைகள் மூத்த பிள்ளைகளின் அரைகுறைச் சைகையை வாங்கி, அதைவிட ஒழுங்கானதாகத் திருப்பித் தந்தார்கள். அந்த உபரி எங்கிருந்து வந்தது? இதைத்தான் நான் பிறவி என்கிறேன்.

அதற்காக சாம்ஸ்கி ஜெயித்துவிட்டார் என்று நண்பரிடம் சொல்லிவிடாதீர்கள் தம்பி. வீட்டில் தனியாகக் கிடந்த பிள்ளை எதுவும் முழு மொழி கட்டவில்லை. கூட்டம் வேண்டும், இளவயசும் வேண்டும். மீசை முளைத்த பிறகு எங்களிடம் வந்த பையன்கள் சொல் நிறையச் சேர்த்தார்கள். யார் யாரை அடித்தான் என்று கேட்டால் மட்டும் கடைசிவரை திணறல்தான்.

மதியஷிப்ட்:
நன்றி டீச்சர். எங்கள் லைன் வீட்டில் ஒரு குழந்தைக்கு மூன்று வயசு, காது கேட்காது. காது மெஷினுக்கு அலைகிறார்கள். சைகை பழக்கினால் பேச்சே வராது என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள்.

ஹாஸ்டல்டீச்சர்:
மெஷின் கட்டாயம் வைக்கட்டும், தள்ளிப்போட வேண்டாம். ஆனால் அதுவரை கையைக் கட்டிப்போடுவது தப்பு. சைகை தெரிந்ததால் பேச்சு நின்ற பிள்ளையை நான் பார்த்ததே இல்லை. இந்திய சைகை மொழி வீடியோக்கள் யூடியூபில் இருக்கின்றன. அம்மாவும் அப்பாவும் முதலில் பழகட்டும். பக்கத்தில் காது கேளாத பிள்ளைகள் வேறு யாராவது இருக்கிறார்களா என்று விசாரியுங்கள், வாரத்தில் ஒரு நாளாவது அவர்களோடு விளையாட விடச் சொல்லுங்கள். எந்த ஊர் என்று தனிச்செய்தியில் சொன்னால், எனக்குத் தெரிந்த குடும்பம் இருக்கிறதா பார்க்கிறேன்.