ஷாட்டர்டு பிக்சல் டன்ஜன்: 5ஆம் தளத்தைத் தாண்ட முடியவில்லை, அப்கிரேடை எதில் போடுவது?

வெயில்மழை:
வணக்கம் நண்பர்களே. ஆண்ட்ராய்டு போனில் ஷாட்டர்டு பிக்சல் டன்ஜன் என்ற, தளம் தளமாகக் கீழே இறங்கும் நிலவறை கேமை விளையாடுகிறேன், வாரியர் (போர்வீரன்) பாத்திரத்தைத்தான் எடுக்கிறேன். ஒவ்வொரு முறையும் 4 அல்லது 5ஆம் தளத்தில் கதை முடிந்துவிடுகிறது. பாதி நேரம் கண்ணுக்குத் தெரியாத ட்ராப் (பொறி), பாதி நேரம் 5ஆம் தளத்தில் இருக்கும் அந்தக் கறுப்புக் கூழ் பாஸ். இப்போது ஒரு ஆட்டத்தை 4ஆம் தளத்தில் நிறுத்தி வைத்திருக்கிறேன், இதையாவது காப்பாற்ற வேண்டும் என்று ஆசை. நிலைமை இதுதான்: ஸ்ட்ரென்த் (உடல் வலிமை) 11, பொருளை ஒரு படி உயர்த்தும் அப்கிரேடு ஸ்க்ரோல் (சுருள்) ஒன்றைத் துணி ஆர்மருக்குப் (கவசத்துக்கு) படித்தாயிற்று, இன்னும் இரண்டு கையில் இருக்கின்றன. 3ஆம் தளத்துப் பேயின் வேலையை முடித்துவிட்டேன், அது ஒரு ஆயுதமும் ஒரு மெயில் ஆர்மரும் (சங்கிலிக் கவசம்) காட்டி ஒன்றை எடுத்துக்கொள் என்கிறது. மெயில் ஆர்மருக்கு 14 ஸ்ட்ரென்த் வேண்டுமாம், அதனால் இன்னும் எதையும் தொடவில்லை. என்னவென்றே தெரியாத போஷன் (மந்திர மருந்து) மூன்று நிறத்தில் இருக்கிறது. இரண்டு ஸ்க்ரோலையும் வாளுக்குப் போடலாமா? காசு கட்டினால் கூடுதல் ஸ்க்ரோல் கிடைக்குமா?

கல்விளக்கு:
முதலில் ஒன்றைப் பார்த்துச் சொல்லுங்கள் ப்ரோ. உங்கள் கேமில் விளம்பரம் வருகிறதா? வாடபௌ என்பவர் 2012இல் வெளியிட்ட பிக்சல் டன்ஜனின் மூல நிரல் 2014இல் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது, அதிலிருந்து ஏகப்பட்ட பிரதிகள் கிளம்பின, அவற்றில் விதிகளும் வேறு வேறு. எவன் டெபென்ஹாம் செய்யும் ஷாட்டர்டில் விளம்பரமே கிடையாது. ஆண்ட்ராய்டில் இலவசம், விரும்பினால் நன்கொடை தரலாம், தந்தாலும் பலம் கூடாது. ஆகவே காசு கட்டிக் கூடுதல் ஸ்க்ரோல் என்ற பேச்சே இல்லை.

வெயில்மழை:
விளம்பரம் எதுவும் இல்லை அண்ணா, அதேதான். நெட் இல்லாமலும் ஓடுகிறது.

கல்விளக்கு:
அப்படியானால் கணக்கு சுலபம். ஐந்து தளம் ஒரு பகுதி. ஒவ்வொரு பகுதியிலும் 3 அப்கிரேடு ஸ்க்ரோல், 2 ஸ்ட்ரென்த் போஷன் நிச்சயம் வரும், உங்கள் அதிர்ஷ்டம் எப்படி இருந்தாலும் வரும். ஆரம்ப ஸ்ட்ரென்த் 10. உங்களுக்கு 11 என்றால் ஒன்று குடித்தாயிற்று, இன்னொன்று அந்த மூன்று நிறத்தில் ஒன்றாக இருக்கலாம், இல்லையென்றால் நீங்கள் இன்னும் நுழையாத ஏதோ ஓர் அறையில் கிடக்கிறது. ஸ்க்ரோல் மூன்றும் கணக்குக்குச் சரியாகிவிட்டது. வாளுக்குப் போடாதீர்கள். பேயிடம் மெயில் ஆர்மரை வாங்குங்கள்.

இரவுப்பூனை:
எனக்கு இதில் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு. இவ்வளவு சீக்கிரம் எல்லா ஸ்க்ரோலையும் ஒரே பொருளில் கொட்டினால் பின்னால் 8ஆம் தளத்தில் இதைவிடக் கனமான பிளேட் ஆர்மர் கிடைக்கும்போது மனம் அடித்துக்கொள்ளும். நான் கூ (5ஆம் தளத்து அந்தக் கறுப்புக் கூழ் பாஸ்) செத்த பிறகுதான் படிப்பேன்.

கல்விளக்கு:
அது கூவைக் கொல்லத் தெரிந்தவர்களுக்குச் சரி. இவர் அங்கேயேதான் சாகிறார், படிக்காத ஸ்க்ரோலோடு செத்தால் அது யாருக்குப் பயன்? பிளேட் ஆர்மருக்கு 18 ஸ்ட்ரென்த் வேண்டும், அதுவும் கிடைத்தால்தான். மெயில் கையில் இருக்கிறது. அதோடு வாரியருக்கு மட்டும் ஒரு வசதி: ஆர்மரில் ஒட்டியிருக்கும் உடைந்த முத்திரையைக் கழற்றி வேறு ஆர்மரில் ஒட்டினால் ஒரு அப்கிரேடும் கூடவே வரும். துணிக்குப் போட்டது வீணாகவில்லை.

கணக்கைப் பாருங்கள். மெயிலுக்கு 14. முதல் அப்கிரேடில் தேவை ஒன்று குறையும், மூன்றாவதில் இன்னொன்று குறையும். முத்திரையோடு வரும் ஒன்று, கையில் இருக்கும் இரண்டு, ஆக +3, தேவை 12. இரண்டாவது ஸ்ட்ரென்த் போஷனைக் குடித்துவிட்டால் உங்களுக்கும் 12. கூவின் முன்னால் சரியான அளவில் மெயில் ஆர்மரோடு நிற்பீர்கள். ஒன்று குறைந்தாலும் அணியலாம், ஆனால் அடியிலிருந்து விலகும் திறனும் நடை வேகமும் குறையும், அதனால் போஷனைக் கண்டுபிடித்துவிட்டு அணியுங்கள். அணிய நேரம் பிடிக்கும், பக்கத்தில் எலிகூட இல்லாதபோது மாற்றுங்கள்.

வெயில்மழை:
இவ்வளவு துல்லியமாக வரும் என்று நினைக்கவே இல்லை! சரி, அந்த மூன்று போஷனை எப்படிக் குடிப்பது? போன ஆட்டத்தில் ஒன்றைக் குடித்துத் தீயில் வெந்தேன், ஸ்க்ரோலும் சேர்ந்து எரிந்தது.

மணல்கடிகாரம்:
இதற்கு நான் சொல்கிறேன். குடிப்பதற்கு முன் தளத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். மரத் தடுப்பு போட்டு மூடிய அறை, பிரானா மீன் நிறைந்த குளம், நச்சுவாயு அடைத்த அறை, இப்படி ஏதாவது கண்ணில் பட்டால் அதற்கான போஷன் அதே தளத்தில் கட்டாயம் கிடக்கும். மரத் தடுப்புக்குத் திரவத் தீ, பிரானாவுக்கு மறைந்துபோகும் போஷன், வாயுவுக்கு ப்யூரிட்டி (சுத்திகரிக்கும்) போஷன். அந்தத் தளத்தில் எடுத்ததைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிட்டால் அறைக்குள் இருக்கும் நல்ல பொருள் போய்விடும். மரத் தடுப்பு இருந்தால் அங்கே எடுத்த போஷனைத் தூர நின்று தடுப்பின் மேல் எறியுங்கள்.

அப்படி அறை எதுவும் இல்லை என்றால் குடிக்கலாம். எதிரி இல்லாத அறை, காலடியில் தண்ணீர், இரண்டடியில் கதவு, அதுதான் சரியான இடம். தீ பிடித்தால் தண்ணீரில் நின்றாலே உடம்பில் பிடித்தது அணைந்துவிடும். வாயு வந்தால் கதவைத் தாண்டி வெளியே போங்கள், கதவு தானாக மூடிக்கொள்ளும், மூடிய கதவை வாயு தாண்டாது. உயிர் பாதிக்குக் கீழே இருக்கும்போது தெரியாத போஷனைக் குடிக்கவே கூடாது. அப்புறம், தீயில் சாதாரண ஸ்க்ரோல்தான் எரியும், அப்கிரேடு ஸ்க்ரோல் எரியாது, அதற்காகப் பயந்து அவசரப்பட்டுப் படிக்க வேண்டாம்.

ட்ராப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கீழே பூதக்கண்ணாடிப் பொத்தான் இருக்கிறதே, ஒரு முறை தொட்டால் கட்டத்தைப் பார்க்கும், மறுபடி தொட்டால் சுற்றிலும் தேடும். பலருக்கு இந்த இரண்டாவது வேலை தெரிவதே இல்லை. தேடினால் பசி கொஞ்சம் கூடும், அதனால் ஒவ்வொரு அடிக்கும் தேடாதீர்கள். கதவில்லாத அறை, திடீரென முடியும் பாதை, காவலே இல்லாமல் கிடக்கும் பொருள், இந்த மாதிரி இடங்களில் போதும். கண்ணுக்குத் தெரிந்துவிட்ட ட்ராப் வழியை மறித்தால் தூர நின்று ஏதாவது உதவாத பொருளை அதன் மேல் எறியுங்கள், அது வெடித்துத் தீர்ந்துவிடும்.

வெயில்மழை:
பூதக்கண்ணாடி விஷயம் எனக்கும் தெரியாது, நன்றி! கடைசியாக கூ. அதை எப்படி அடிப்பது?

இரவுப்பூனை:
100 உயிர். தண்ணீரில் நின்றால் அதற்கு உயிர் ஏறும், ஆகவே தரைக்கு இழுத்து வந்து அடியுங்கள். திடீரென அடிக்காமல் உப்ப ஆரம்பிக்கும், சுற்றியுள்ள கட்டங்களில் துளிகள் பறக்கும், அந்த நேரத்தில் இன்னும் ஒரு அடி போட்டுவிடலாம் என்று நிற்கவே கூடாது. பெரும்பாலானவர்கள் சாவது அந்த ஒரு அடி ஆசையில்தான். இரண்டு கட்டம் வரை எட்டும், மூன்று கட்டம் விலகிவிடுங்கள் அல்லது தூணுக்குப் பின்னால் போங்கள். பாதி உயிர் போனதும் வெறி பிடிக்கும், உப்புவதும் அடிக்கடி வரும். உங்கள் மேல் அமிலக் கூழ் ஒட்டினால் நீங்கள் தண்ணீரில் இறங்கிக் கழுவுங்கள், அது பின்னாலேயே வரும், உடனே வெளியே வந்துவிடுங்கள். பனித்துளி சேர்க்கும் தோல்பையை நிறைத்துக்கொண்டு உள்ளே போங்கள், 20 துளி நிறைந்தால் முழு உயிரும் திரும்பும். இந்த ஆர்மர் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, உங்கள் நிலைமையில் நானும் அதையே செய்வேன்.

வெயில்மழை:
இரண்டாவது நிறம்தான் ஸ்ட்ரென்த்! இப்போது 12. பேயிடம் மெயிலை வாங்கி முத்திரையை மாற்றிவிட்டேன், +1 என்று காட்டுகிறது. இரண்டு ஸ்க்ரோலையும் படிக்கப் போகிறேன். தோல்பையில் 13 துளி இருக்கிறது, இறங்கலாமா?

கல்விளக்கு:
இன்னும் 7 துளி. 4ஆம் தளத்தில் மிதிக்காத புல் இருந்தால் மிதித்துவிட்டு இறங்குங்கள்.