பெங்களூரு கம்பெனி வேலையை சியாங் மாயில் இருந்து பார்க்க டி.டி.வி. விசா: எங்கிருந்து தொடங்குவது?

வடவள்ளிக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். கோவையில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். பெங்களூரு கம்பெனி, மென்பொருள் சோதனைப் பிரிவு, ஐந்து வருடம் முடிந்துவிட்டது. கொரோனாவுக்குப் பிறகு அலுவலகத்துக்குப் போனது மொத்தமே நான்கு தடவைதான். வரும் அக்டோபரில் தாய்லாந்து போய் ஆறு மாதம் சியாங் மாயில் தங்கி இதே வேலையைப் பார்க்கலாம் என்று ஆசை. கல்லூரித் தோழி ஒருத்தி அங்கே இருக்கிறாள். அப்பா இறந்த பிறகு மூன்று வருடமாக இந்த ஊரையும் இந்த அறையையும் விட்டு நான் எங்கும் போகவில்லை. அம்மாவே "போய்ட்டு வா கண்ணு" என்று சொன்ன பிறகுதான் தைரியமாகக் கேட்கிறேன்.

வெளிநாட்டுக் கம்பெனி வேலையைத் தாய்லாந்தில் இருந்தபடியே பார்ப்பவர்களுக்கும் கிடைக்கும் டி.டி.வி. விசா 2024 ஜூலையில் வந்தது, அதுதான் எனக்குப் பொருந்தும் என்று படித்தேன். ஐந்து வருடம் செல்லும், ஒவ்வொரு முறை நுழையும்போதும் 180 நாள் தங்கலாம், கையில் 5 லட்சம் பாத் (தாய்லாந்துப் பணம்) காட்ட வேண்டும். அதுவரை புரிகிறது. மாட்டிக்கொண்டது வேறு இடங்களில்.

முதலாவது பணம். சேமிப்புக் கணக்கில் 9 லட்சம், வைப்புநிதியில் 6 லட்சம், அப்புறம் சீட்டுப் பணம் 2 லட்சம் சித்திரையில் வரும். வைப்புநிதியை அப்படியே காட்டலாமா?

அடுத்து கம்பெனிக் கடிதம். எச்.ஆரில் கேட்டேன். "வேலையில் இருக்கிறார் என்று வழக்கமாகக் கொடுக்கும் கடிதம்தான் தருவோம், வெளிநாட்டிலிருந்து வேலை பார்க்கலாம் என்றெல்லாம் எழுத முடியாது" என்று சொல்லிவிட்டார்கள். அது போதுமா?

பெயரும் ஒரு குழப்பம். பாஸ்போர்ட்டில் என் பெயரும் அப்பா பெயரும் முழுசாக இருக்கின்றன. வங்கியில் என் பெயருக்குப் பின்னால் ஒற்றை எழுத்து இனிஷியல். கம்பெனியில் அதே இனிஷியல் முன்னால்.

கூட வேலை பார்க்கும் ஒருவர், "இவ்வளவு எதுக்கு, சுற்றுலான்னு போ, லேப்டாப்பைத் திற, இருக்கிற இடத்தை மறைக்கிற வி.பி.என். போட்டுக்கோ, யாருக்கும் தெரியாது" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

தெற்குவாசல்:

வணக்கம் சகோதரி. நான் மதுரை. சென்னையில் இருக்கும் ஒரு புத்தக வடிவமைப்பு நிறுவனத்துக்கு வேலை பார்க்கிறேன். இதே விசாவில் போய் சியாங் மாயில் ஐந்து மாதம் இருந்து வந்தேன். நீங்கள் கேட்ட வரிசையை மாற்றி, கடிதத்தில் தொடங்குகிறேன். கடிதம் கிடைத்தால் மற்றதெல்லாம் நடந்துவிடும். அது கிடைக்காமல் மற்றது எல்லாம் இருந்தும் பயனில்லை.

வழக்கமான கடிதத்தை வைத்து விண்ணப்பிக்காதீர்கள். நீங்கள் வேலையில் இருக்கிறீர்கள் என்பது மட்டும்தான் அதில் இருக்கும். விசா அதிகாரி பார்ப்பது வேறு: இவர் தாய்லாந்தில் இருக்கும்போதும் இந்த வேலை தொடருமா, அதற்குக் கம்பெனி ஒப்புக்கொண்டிருக்கிறதா? அந்த இரண்டு வரி இல்லையென்றால் உங்களை ஆறு மாதம் விடுப்பு எடுத்துப் போகிறவராகத்தான் நினைப்பார்.

எங்கள் எச்.ஆரும் முதலில் இதே பதிலைத்தான் சொன்னது. நான் கோபப்படவில்லை, ஏன் தயங்குகிறார்கள் என்று கேட்டேன். அவர்களுக்கு இருந்த பயம் நியாயமானது. நான் அங்கே உட்கார்ந்து வேலை பார்த்தால் கம்பெனிக்கே அந்த நாட்டில் ஒரு கிளை இருப்பதாகக் கொண்டு வரி கேட்பார்களோ என்பது ஒன்று. வாடிக்கையாளர் கோப்புகள் இருக்கும் லேப்டாப் வெளிநாடு போவது இன்னொன்று. நேர வித்தியாசத்தில் வேலை கெடுமோ என்பது என் மேலாளரின் கவலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை. சம்பளம் இந்தியக் கணக்கிலேயே வரும். அங்கே யாரிடமும் ஆர்டர் பிடிக்க மாட்டேன், கம்பெனி சார்பில் எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன். லேப்டாப்புக்குத் தகவல் பாதுகாப்புப் பிரிவு சொல்கிறபடி கேட்பேன். தாய்லாந்து நம்மைவிட ஒன்றரை மணி நேரம்தான் முன்னால், இங்கே காலை பத்து மணிக் கூட்டம் எனக்குப் பதினொன்றரை மணி. கடைசி வரியாக, எப்போது கூப்பிட்டாலும் மூன்று நாளில் திரும்பி வருவேன் என்றும் எழுதினேன். ஏழு வாரம் ஆனது, சட்டப் பிரிவு வரை போய் வந்தது. ஆனால் கையெழுத்தும் முத்திரையுமாக வந்துவிட்டது.

கடிதத்தில் இருக்க வேண்டியவை: பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப் பெயர், பாஸ்போர்ட் எண், பதவி, சேர்ந்த தேதி, மாதச் சம்பளம். பிறகு, "இவருடைய பணியை அலுவலகத்துக்கு வெளியிலிருந்தும் செய்யலாம். குறிப்பிட்ட காலத்தில் தாய்லாந்திலிருந்து பணிபுரிய நிறுவனம் அனுமதிக்கிறது" என்ற பொருளில் தெளிவான வாசகம். கையெழுத்திட்டவரின் பெயர், பதவி, தொலைபேசி எண். கூடவே பணி ஒப்பந்தமும் ஆறு மாதச் சம்பளச் சீட்டும் வைத்தேன்.

இப்போது பெயர். இதில் நானே அடிபட்டவன். விண்ணப்பத்தை இரவு பதினோரு மணிக்கு நிரப்பினேன். குடும்பப் பெயர் கட்டத்தில் எதைப் போடுவது என்று யோசித்து, பாஸ்போர்ட்டில் உள்ளபடி அப்பா பெயரைப் போட்டேன். அது சரிதான். ஆனால் வங்கிக் கணக்கு அறிக்கையில் அப்பா பெயர் ஒரே ஒரு எழுத்தாகச் சுருங்கி, ஒரு புள்ளியோடு முன்னால் நின்றது. நமக்கு அது ஒரே ஆள் என்று பார்த்ததும் தெரியும். இனிஷியல் பழக்கமே இல்லாத ஒருவருக்கு அது வேறு யாரோ ஒருவரின் கணக்கு. பத்தாம் நாள் விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வந்தது.

மறுநாள் காலை வங்கிக் கிளைக்குப் போனேன். பாஸ்போர்ட்டையும் பாஸ்புக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். மேலாளர் அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இரண்டையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார். "எங்க வீட்டுப் பையனுக்கும் இதே கதைதான் தம்பி" என்று சொல்லி, இந்தக் கணக்கை வைத்திருப்பவரும் இந்தப் பாஸ்போர்ட்டுக்கு உரியவரும் ஒருவரே என்று வங்கியின் தாளில் எழுதி, நீல முத்திரை குத்திக் கொடுத்தார். அரை நாள் வேலை, செலவே இல்லை. அதை அனுப்பிய பிறகு விசா வந்தது. நீங்கள் முன்கூட்டியே இதை வாங்கி வைத்துவிடுங்கள். முடிந்தால் வங்கியில் பெயரையே பாஸ்போர்ட்படி மாற்றிவிடுவது இன்னும் நல்லது.

பணத்துக்கு வருகிறேன். 5 லட்சம் பாத் என்றால் ரூபாயில் 13 லட்சத்துக்கு மேலேயே போகிறது, மாற்று விகிதம் தினமும் நகர்கிறது. ஒட்டி ஒட்டி வைக்காதீர்கள், 16 லட்சமாவது இருக்கட்டும். நான் வைப்புநிதியை உடைத்து எல்லாவற்றையும் ஒரே சேமிப்புக் கணக்கில் போட்டேன், மூன்று மாதம் தொடவில்லை, அதற்குப் பிறகுதான் விண்ணப்பித்தேன். வட்டி கொஞ்சம் போனது, வருத்தமில்லை. சீட்டுப் பணம் சித்திரையில் வந்தால் உங்களுக்கு நேரம் நிறையவே இருக்கிறது. சீட்டு எடுத்த ரசீதை மட்டும் பத்திரமாக வையுங்கள், 2 லட்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் காட்டலாம். கடைசி வாரத்தில் மாமாவிடம் கைமாற்று வாங்கிப் போட்டு அறிக்கை எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது அறிக்கையில் அப்பட்டமாகத் தெரியும்.

மலைக்கோட்டை ஆடிட்டர்:

திருச்சியில் ஆடிட்டராக இருக்கிறேன். விசாவைப் பற்றி மேலே தம்பி நன்றாகச் சொல்லிவிட்டார், வரியை மட்டும் நான் சொல்கிறேன் அம்மா. விசா கிடைத்த மகிழ்ச்சியில் எல்லோரும் இதைத்தான் மறக்கிறார்கள்.

அக்டோபரில் கிளம்புவது உங்களுக்கு நல்லதாக அமைகிறது. நம் நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச். ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை 183 நாள் இந்தியாவில் இருந்திருப்பீர்கள். 182 நாள் இருந்தாலே அந்த ஆண்டு நீங்கள் இந்தியாவில் வசிப்பவர்தான். ஆகவே சம்பளத்துக்கு வழக்கம்போல இங்கே வரி பிடிப்பார்கள், கணக்கும் வழக்கம்போல இங்கே தாக்கல் செய்வீர்கள்.

தாய்லாந்தில் வரி ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர். ஒரே ஆண்டில் 180 நாளோ அதற்கு மேலோ இருந்தால் அங்கே வசிப்பவர் ஆகிவிடுவீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை 92 நாள், மீதி அடுத்த ஆண்டில் விழுகிறது. இரண்டு ஆண்டிலும் 180ஐத் தொடவில்லை.

இதோடு நிம்மதி என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். அது தவறு. தாய்லாந்து மண்ணில் செய்த வேலைக்கான சம்பளத்தை, அது எந்த நாட்டுக் கணக்கில் விழுந்தாலும், அங்கே ஈட்டிய வருமானமாகத்தான் அந்நாட்டுச் சட்டம் பார்க்கிறது. வசிப்பவரா இல்லையா என்பது இதற்கு வேண்டாம். உங்களைக் காப்பாற்றுவது இந்தியா தாய்லாந்து இரட்டை வரி ஒப்பந்தம். அங்கே தங்கியது 183 நாளுக்கு மேல் போகக்கூடாது, சம்பளம் கொடுப்பவர் அந்த நாட்டவராக இருக்கக்கூடாது, அங்கே உள்ள ஒரு கிளையின் செலவில் அந்தச் சம்பளம் சேரக்கூடாது. மூன்றும் சேர்ந்தால்தான் விலக்கு. ஆகவே 180 நாள் முடிந்ததும் ஒரு நாள் எல்லை தாண்டி வந்து மறுபடி நுழைந்து நீட்டிக்கலாம் என்ற எண்ணம் வந்தால், அதற்கு முன்னால் ஒரு ஆடிட்டரைப் பாருங்கள். விசா அனுமதிப்பது வேறு, வரிச் சட்டம் எண்ணுவது வேறு. விமானச் சீட்டுகளையும் பாஸ்போர்ட் முத்திரைப் பக்கங்களையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஓமலூர் பேருந்து:

உங்களோடு வேலை பார்ப்பவர் சொன்ன யோசனைக்கு மட்டும் பதில். என் சித்தப்பா மகன் அப்படித்தான் போனான், வேறொரு நாட்டுக்கு. வி.பி.என். எல்லாம் போட்டிருந்தான். ஒரு நாள் கூட்டத்தில் அவன் பின்னால் ஜன்னல் திறந்திருந்தது, தெருவில் போன ஒலிபெருக்கி வண்டி வேற்று மொழியில் கத்தியது. மேலாளர் அப்போது எதுவும் கேட்கவில்லை. இரண்டு நாளில் லேப்டாப்பின் பதிவுகளை எடுத்துவிட்டார்கள், அந்த மாதமே வேலை போனது. ஆறு வருடம் உழைத்த இடம். அனுபவச் சான்றிதழுக்கே அலைந்தான். சகோதரி, மனசு ஒப்பவில்லை என்றீர்களே, அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

வடவள்ளிக்காரி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆடிட்டர் ஐயா சொன்ன நாள் கணக்கை நாட்காட்டியில் பென்சிலால் குறித்துவிட்டேன். மார்ச் 25க்குத் திரும்புவதாகத் திட்டம். தெற்குவாசல் அண்ணா, இன்னும் சில சந்தேகம். விசாக் கட்டணம் எவ்வளவு, நிராகரித்தால் திரும்பக் கிடைக்குமா? அங்கே போய் இறங்கிய பிறகு காவல் நிலையம் போல எங்காவது பதிய வேண்டுமா? தனியாகப் போகிறேன், அதனால்தான் கேட்கிறேன்.

தெற்குவாசல்:

கட்டணம் பத்தாயிரம் பாத் அளவு, எந்தத் தூதரகத்தில் விண்ணப்பிக்கிறோமோ அதைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும். நிராகரித்தால் திரும்ப வராது. அதனால்தான் கடிதம் கைக்கு வரும்வரை பணம் கட்டாதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். விண்ணப்பம் தாய்லாந்து அரசின் இ-விசா தளத்தில்தான், நீங்கள் தாய்லாந்துக்கு வெளியே இருக்கும்போதே போட வேண்டும். அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம்.

தாய்லாந்தில் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும், 2025 மே முதல் இது கட்டாயம். அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள். இறங்கிய பிறகு, நீங்கள் தங்கியிருப்பதை வீட்டு உரிமையாளர் 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்கு டி.எம்.30 என்று பெயர். ஓட்டல்காரர்கள் தாங்களே செய்துவிடுவார்கள், தனி வீட்டுக்காரர்கள் சிலர் மறப்பார்கள். வாடகை பேசும்போதே "டி.எம்.30 போட்டுத் தருவீர்களா" என்று கேட்டு, போட்ட ரசீதின் படத்தையும் வாங்கிவிடுங்கள். தொடர்ந்து 90 நாள் தாண்டினால் நீங்களும் முகவரியைத் தெரிவிக்க வேண்டும்.

ஒன்று சொல்லாமல் விட முடியாது. மார்ச் 25 வரை சியாங் மாய் வேண்டாம். பிப்ரவரி நடுவிலிருந்து சுற்று வட்டாரக் காடும் வயலும் எரிகிற புகை அந்தப் பள்ளத்தாக்கில் வந்து இறங்கி, ஏப்ரல் வரை நிற்கும். எங்கள் மாடியிலிருந்து தோய் சுதேப் மலை ஜனவரியில் கோயிலின் தங்க மினுக்கோடு தெரிந்தது. பிப்ரவரி கடைசியில் மலை இருந்த இடமே தெரியவில்லை, துவைத்துக் காயப்போட்ட சட்டையில் அடுப்பங்கரை வாசனை. எனக்கு மூச்சுத் தொல்லை கிடையாது, அப்படியும் இரவில் இருமினேன். ஜனவரி கடைசியில் தோழியிடம் சொல்லிவிட்டுத் தெற்கே கடலோரப் பக்கம் இறங்கிவிடுங்கள். அதே விசாதான், புது வீட்டுக்கு டி.எம்.30 மட்டும் மறுபடி.

அப்புறம் கம்பெனி மருத்துவக் காப்பீடு வெளிநாட்டுக்குச் செல்லுமா என்று பாருங்கள், எனக்குச் செல்லவில்லை. தனியாக ஒன்று எடுத்தேன்.

வடவள்ளிக்காரி:

அண்ணா, நீங்கள் எழுதியது போலவே ஒரு பக்கம் எழுதி மேலாளரிடம் கொடுத்தேன். மூன்று நாளில் திரும்பி வருவேன் என்ற வரியை அடிக்கோடிட்டு, "இது உறுதிதானா?" என்று கேட்டார். உறுதி என்றேன். சட்டப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறார். இன்று மதியம் வங்கிக்கும் போய் வந்தேன். பெயரைப் பாஸ்போர்ட்படி மாற்ற ஒரு வாரம் ஆகுமாம். விண்ணப்பத்தில் அப்பா பெயரை முழுசாக எழுதச் சொன்னார்கள். கடைசியாக அதை எழுதியது எப்போது என்று நினைவில்லை. கடிதம் வந்ததும் இங்கேயே சொல்கிறேன்.