பொருள்: மறு: ஓடிபிசி டிரைவர், டிரைவர் மேனேஜர், டிஎஸ்என் – கையேட்டில் எப்படிப் போடுவது?

அனைவருக்கும் வணக்கம்.

சமூக மன்ற லினக்ஸ் வகுப்புக்கான கையேட்டில், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை லிப்ரேஆபிஸின் தரவுத்தளச் செயலியான பேஸுடன் இணைக்கும் அத்தியாயம் முடியும் நிலையில் உள்ளது. ஓடிபிசி (செயலிகளைத் தரவுத்தளங்களுடன் இணைக்கும் பொது முறை) சார்ந்த மூன்று சொற்களில்தான் இழுபறி: டிரைவர், டிரைவர் மேனேஜர், டிஎஸ்என். வரைவில் 'தரவுத்தள ஓட்டுநர்' என்று வந்திருக்கிறது. படிப்பவர் நிறுத்தத்தில் நின்று பேருந்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

தமிழ்நாட்டு வழக்கில் 'இயக்கி', இலங்கை வழக்கில் 'செலுத்தி'. இரண்டும் அச்சுப்பொறி, ஒலி அட்டை போன்ற வன்பொருளுக்காகப் புழக்கத்துக்கு வந்தவை. ஓடிபிசி டிரைவர் எந்த வன்பொருளையும் இயக்குவதில்லை. செயலி விடுக்கும் பொதுவான அழைப்பை வாங்கி, குறிப்பிட்ட தரவுத்தளச் சேவையகத்துக்குப் புரியும் நெறிமுறையில் அனுப்பும் நிரலகம் (லைப்ரரி) அது. ஆகவே என் பரிந்துரை:

டிரைவர் – தரவிணைப்பி
டிரைவர் மேனேஜர் – இணைப்பி மேலாளர்
டிஎஸ்என் – தரவு மூலப் பெயர்

மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

––––––––––

> டிரைவர் – தரவிணைப்பி

ஐயா, சொல் நன்றாக இருக்கிறது, பொருளும் சரி. மரியாடிபி தரவுத்தளத் திட்டம் தன் டிரைவரையே 'கனெக்டர்' என்ற பெயரில்தான் வெளியிடுகிறது. ஆனால் 'இயக்கி' தமிழ் இடைமுகங்களில் ஊன்றிவிட்டது. இணையத்தில் தேடுபவரும் அதைத்தான் தட்டச்சு செய்வார். 'தரவுத்தள இயக்கி' என்று அடை கொடுத்தால் போதும் என்பது என் கருத்து. நம் மாணவர்கள் தடுக்கி விழுவது மற்ற இரண்டு சொற்களில்.

> டிரைவர் மேனேஜர் – இணைப்பி மேலாளர்

உபுண்டுவிலோ டெபியனிலோ டிரைவர் மேனேஜரான யூனிக்ஸ்ஓடிபிசி தொகுப்பை மட்டும் நிறுவிவிட்டு, இயக்கி வந்துவிட்டது என்று நினைப்பவர்களே அதிகம். அந்தத் தொகுப்பில் இயக்கி எதுவும் இல்லை. அமைப்புக் கோப்பைப் படித்து, எந்த இயக்கி என்று பார்த்து, அதை நினைவகத்தில் ஏற்றி, அழைப்புகளைக் கைமாற்றிவிடுவதே அதன் வேலை. போஸ்ட்கிரெஸுக்கான ஓடிபிசி தொகுப்பைத் தனியாக நிறுவ வேண்டும். 'மேலாளர்' என்றால் எல்லாம் அவர் பொறுப்பு என்ற நினைப்பு வந்துவிடுகிறது. 'இயக்கியேற்றி' என்றால், ஏற்றுவதற்கு ஓர் இயக்கி வேறாக வேண்டும் என்பது பெயரிலேயே தெரியும்.

> டிஎஸ்என் – தரவு மூலப் பெயர்

இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். 'தரவு மூலப் பெயர்' என்று படித்தவர் தரவுத்தளத்தின் பெயரைத்தான் கொடுப்பார். உடனே ஐஎம்002 பிழை வரும்: அப்படி ஒரு பெயர் இல்லை, இயல்பான இயக்கியும் குறிப்பிடப்படவில்லை என்று. டிஎஸ்என் என்பது ஓடிபிசி.ஐஎன்ஐ கோப்பில் சதுர அடைப்புக்குள் நாம் வைக்கும் தலைப்பு. அதன் கீழ்தான் இயக்கி, சேவையக முகவரி, துறை எண் (போஸ்ட்கிரெஸுக்கு 5432), தரவுத்தளப் பெயர் எல்லாம் வருகின்றன. ஆகவே 'இணைப்புப் பெயர்'.

கையேட்டில் படிகளையும் இந்தச் சொற்களைக் கொண்டே எழுதலாம். முதலில் ஓடிபிசிஇன்ஸ்ட் கட்டளையை 'ஜே' தெரிவுடன் ஓட்டச் சொல்ல வேண்டும். எந்தக் கோப்புகளைப் படிக்கப்போகிறது என்று முழுப் பாதையுடன் காட்டும். டெபியன் தொகுப்பில் ஈடிசி அடைவில் இருக்கும். மூலநிரலிலிருந்து தொகுத்தால் இயல்பாக யூஎஸ்ஆர்/லோக்கல்/ஈடிசிக்குப் போய்விடும். தவறான கோப்பைத் திருத்திக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பது இதனால்தான்.

அடுத்து, ஓடிபிசிஇன்ஸ்ட்.ஐஎன்ஐ கோப்பில் இயக்கியின் தலைப்பைப் பார்க்க வேண்டும். டெபியனில் போஸ்ட்கிரெஸ் தொகுப்பு 'போஸ்ட்கிரெஸ்கியூஎல் யூனிகோட்', 'போஸ்ட்கிரெஸ்கியூஎல் ஆன்சி' என இரண்டைப் பதிகிறது (ஆன்சி என்பது யூனிகோட் அழைப்புகளைப் பயன்படுத்தாத வகை). இணைப்புப் பெயரின் கீழ் 'டிரைவர்' வரியில் அதே தலைப்பு, இடைவெளி உட்பட, அப்படியே வர வேண்டும். 'போஸ்ட்கிரெஸ்கியூஎல்' என்று மட்டும் எழுதினால், அப்படி ஒரு தலைப்பு இல்லாததால், இயக்கியேற்றி அதையே கோப்பின் பெயராக எடுத்துக்கொண்டு தேடும். 'நிரலகத்தைத் திறக்க முடியவில்லை, கோப்பு இல்லை' என்று வரும்.

இதே பிழை இன்னொரு காரணத்தாலும் வரும்; அதுதான் ஆளைச் சுற்றலில் விடும். கோப்பு கண்ணெதிரே இருக்கும், பாதையும் சரியாக இருக்கும், ஆனாலும் 'கோப்பு இல்லை' என்று அடம்பிடிக்கும். உண்மையில் இல்லாதது இயக்கி நம்பியிருக்கும் வேறொரு நிரலகம். இயக்கிக் கோப்பின் மீது எல்டிடி கட்டளையை ஓட்டினால் விடுபட்டது எது என்று தெரிந்துவிடும். 64 பிட் செயலியில் 32 பிட் இயக்கியை ஏற்ற முயன்றாலும் இதே கதை.

கடைசியாக, இணைப்பைச் சோதிக்கும் ஐஎஸ்கியூஎல் கட்டளை: இணைப்புப் பெயர், பயனர், கடவுச்சொல் என்ற வரிசையில். 'வி' தெரிவைச் சேர்க்காவிட்டால் இணைக்க முடியவில்லை என்று ஒற்றை வரியோடு நின்றுவிடும், காரணம் சொல்லாது. முனையத்தில் இணைந்து, பின்னணிச் சேவையில் இணையவில்லை என்றால், இணைப்புப் பெயர் பயனரின் ஹோம் அடைவில் உள்ள மறைகோப்பில் இருக்கிறது என்று பொருள். சேவை வேறு பயனராக ஓடும். அதற்கு அந்தக் கோப்பு தெரியாது. ஈடிசியில் உள்ளதற்கு மாற்றுங்கள்.

––––––––––

தம்பி, 'இணைப்புப் பெயர்' ஏற்கிறேன். நான் போட்டதைவிடத் தெளிவு. 'தரவுத்தள இயக்கி'யும் இருக்கட்டும்.

'இயக்கியேற்றி'யில் எனக்குச் சின்னத் தயக்கம். ஏற்றுவதோடு அதன் வேலை முடிவதில்லை. செயலி ஆன்சி அழைப்பு விடுத்து, இயக்கி யூனிகோட் வகையாக இருந்தால், இடையில் எழுத்து மாற்றமும் அதுவே செய்கிறது. ஆனாலும் தொடக்க வகுப்புக்கு இதைவிட நல்ல சொல் அகப்படவில்லை. முதல் இடத்தில் 'இயக்கியேற்றி (டிரைவர் மேனேஜர்)' என்று போட்டுவிடுவோம். பிழைச்செய்தியில் ஆங்கிலப் பெயர்தான் வரும், மாணவர் அடையாளம் காண வேண்டும்.

எழுத்து பற்றியும் இரண்டு குறிப்புகள் சேர்க்க வேண்டும். தமிழ்த் தரவுக்கு யூனிகோட் இயக்கியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆன்சி வகையில், மொழி அமைப்பு (லோக்கேல்) 'சி' என்று இருக்கும் கணினியில், எழுத்துகள் சரியாக வராமல் போகலாம். அடுத்தது இடையக அளவு, அதாவது வரும் தரவை வாங்கிவைக்க நிரலர் ஒதுக்கும் இடம். யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் தேவை. 'சிங்கப்பூர்' என்பதில் குறியீடுகள் 11. ஆக 33 பைட். நிரலர் 20 பைட் ஒதுக்கியிருந்தால், முடிவுக்குறிக்கு 1 போக 19. 'சிங்கப' வரை 18 பைட்டில் வந்து, மிச்சமுள்ள 1 பைட்டில் அடுத்த குறியீட்டின் துண்டு ஒட்டிக்கொள்ளலாம். கூடவே 01004 எச்சரிக்கை வரும்: வலப்பக்கம் வெட்டப்பட்டது என்று. பலர் அதைக் கண்டுகொள்வதில்லை.

இணைப்புப் பெயருக்கும் இது பொருந்தும். ஓடிபிசி வரையறையில் அதன் நீள எல்லை 32. 'சிங்கப்பூர்' என்று தமிழில் பெயர் வைத்தால் யூடிஎஃப்-8இல் ஒரு பைட் கூடிவிடும். கையேட்டில் சொல் தமிழில் இருக்கட்டும். மாணவர் கோப்பில் எழுதும் பெயர் ரோமன் எழுத்தில், சுருக்கமாக, இடைவெளி இல்லாமல் இருக்கட்டும்.

'இயக்கியேற்றி'க்கு மறுப்பு இருப்பவர்கள் வெள்ளிக்குள் எழுதுங்கள். சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது.