மெட்டாலிக் வண்ணத்துக்கு ஒரு சொல்: ‘செதில்வண்ணம்’

அனைவருக்கும் வணக்கம்.

நிஜக் கார்களைச் சின்ன அளவில் செய்கிற நம் குழுவின் மாதிரிக் கார் சொற்பட்டியலில் ‘மெட்டாலிக்’, அதாவது உள்ளே பொடிப்பொடியாக மினுங்கும் கார் வண்ணம், என்ற இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது. இந்த இழையில் இதுவரை வந்தவை உலோகப் பூச்சு, உலோக வண்ணம், மினுக்கு வண்ணம். மூன்றிலும் எனக்கு உடன்பாடு இல்லை. காரணத்தைச் சொல்லிவிட்டு என் பரிந்துரையை வைக்கிறேன்.

‘உலோகப் பூச்சு’ என்பதைக் காரைக்குடிக்காரர் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இங்கே சிக்ரி இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட மின்வேதியியல் ஆய்வகம். முலாம் பூசுவதும் துருப்பிடிக்காமல் காப்பதும் அங்கே முக்கியமான ஆய்வுத் துறைகள். ஆகவே இந்த ஊரில் உலோகப் பூச்சு என்றால் நிக்கலோ குரோமியமோ ஏற்றுவதுதான். நம் மாதிரிக் காரிலும் பம்பர், கிரில், விளக்கு வளையம் எல்லாம் குரோம். அதே சொல்லைப் பானட்டின் வண்ணத்துக்கும் வைத்தால் செய்முறைக் குறிப்பைப் படிக்கிற பையன் குழம்பிப்போவான்.

‘உலோக வண்ணம்’ என்றால் இரும்புக் கேட்டுக்கு அடிக்கிற பெயிண்ட் என்றும் எடுத்துக்கொள்ளலாம், வெள்ளி, பித்தளை நிறம் என்றும் எடுத்துக்கொள்ளலாம். மெட்டாலிக்கில் நீலம் உண்டு, பச்சை உண்டு, மெரூன் உண்டு. அவற்றைப் பார்த்து யாரும் உலோக நிறம் என்று சொல்வதில்லை. ‘மினுக்கு’ இன்னும் பொது. நிறமில்லாத கிளியர் பூச்சு அடித்துப் பாலிஷ் போட்டால் சாதாரணச் சிவப்பும் மினுங்கும்.

கார் கம்பெனிகளே இந்த உலோகம் என்ற சொல்லை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. 1961-ல் வந்த ஜாகுவார் இ-டைப்பின் நிறப் பட்டியலில் ‘ஓபலசன்ட் சில்வர் புளூ’, ‘ஓபலசன்ட் கன்மெட்டல்’ என்று இருக்கும். ஓபல் கல்லின் ஒளியை வைத்து இட்ட பெயர். வேறு சிலர் ‘பாலிக்ரோமேட்டிக்’ என்றார்கள், அதாவது பலநிறம் காட்டுவது. ஆஸ்டன் மார்ட்டின் டிபி5-இன் புகழ்பெற்ற வெள்ளி நிறத்துக்குப் பெயர் ‘சில்வர் பிர்ச்’, ஒரு மரத்தின் பெயர். ஒவ்வொருவரும் கண்ணுக்குத் தெரிந்ததை வைத்துப் பெயரிட்டிருக்கிறார்கள். நாமும் பொருளைப் பார்த்தே பெயர் வைக்கலாம்.

சரி, அந்தப் பொருள் என்ன? அலுமினியத்தை மிக மெல்லிய தகடுகளாக அரைத்து வண்ணத்தில் கலக்கிறார்கள். உருண்டைத் துகளாக இருந்தால் இந்த அழகு வராது. தட்டையாக இருப்பதால்தான் ஒவ்வொன்றும் சின்னக் கண்ணாடியாக ஒளியைத் திருப்புகிறது. ஈரமாக அடித்தால் தகடுகள் நிலைகொள்ள நேரம் எடுத்துக்கொண்டு தாறுமாறாகத் திரும்பிவிடும், நிறம் ஒரு படி கறுக்கும். பட்டதும் காய்கிறபடி அடித்தால் வெளுப்பாக வரும். ஒரே டப்பா, ஒரே ஏர்பிரஷ், ஆனால் நிறம் இரண்டு. ஆகவே இந்த வண்ணத்தின் குணம் முழுக்க அந்தத் தகட்டின் வடிவத்திலும் அது படிகிற வாகிலும் இருக்கிறது. சொல்லும் அதைத்தான் பிடிக்க வேண்டும்.

என் பரிந்துரை: செதில்வண்ணம்.

இது உவமைக்காக மட்டும் எடுத்த சொல் இல்லை. அலுமினியம் பரவலாவதற்கு முன்னால், 1920-களின் கடைசியிலும் 1930-களிலும், விலை உயர்ந்த சில கார்களுக்கு நிஜமாகவே மீன் செதிலிலிருந்து பிரித்தெடுத்த பளபளப்புப் படிகங்களைக் கலந்து அடித்திருக்கிறார்கள். குவானின் என்கிற பொருள் அது, ஹெர்ரிங் போன்ற மீன்களிலிருந்து கிடைப்பது. விலை எக்கச்சக்கம் என்பதால் பெரும் பணக்காரர்களின் கார்களோடு நின்றுவிட்டது. அந்த இடத்துக்கு அலுமினியத் தகடு வந்தது. ஆக, செதில் என்ற சொல் இந்த வண்ணத்தின் பிறப்பிலேயே இருக்கிறது.

நமக்கு, அதாவது சின்ன அளவில் செய்கிறவர்களுக்கு, இந்தச் சொல் இன்னொரு விதத்திலும் உதவும். நிஜக் காரின் வண்ணத்தில் ஒரு செதில் 20 மைக்ரான் இருக்கிறது என்று வையுங்கள். அதே வண்ணத்தை 1:43 மாதிரியில், அதாவது நிஜக் காரில் 43-ல் ஒரு பங்கு நீளமுள்ளதில், அடித்தால், முழு அளவுக் காரில் அது 0.86 மில்லிமீட்டர் செதிலுக்குச் சமம். கார் முழுக்கக் கசகசா ஒட்டின மாதிரி இருக்கும். 1:18-ல் 0.36 மில்லிமீட்டர், ஓரளவு தப்பிக்கலாம். நிறம் அச்சு அசலாகப் பொருந்தியும் மாதிரி பொம்மை போலத் தெரிவதற்குப் பல நேரம் இதுதான் காரணம். இனிமேல் குறிப்பு எழுதும்போது ‘1:43-க்குச் செதில் பெரிது, நுண்செதில் வாங்குங்கள்’ என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். உலோக வண்ணம் என்று வைத்திருந்தால் இந்த வரிக்கு இன்னொரு சொல் தேட வேண்டும்.

தேவகோட்டை நண்பர் போன மடலில் எழுதியிருந்தார்: “பட்டறையில் எல்லாரும் மெட்டாலிக் என்றுதானே சொல்கிறார்கள், அப்படியே விட்டுவிடலாமே.” பட்டறையில் தாராளமாகச் சொல்லட்டும். டூகோ என்ற வணிகப் பெயர் இங்கே பெயிண்டுக்கே பெயராகி நிலைத்துவிட்டது, அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. ஆனால் எழுதுகிறபோது கிளை விடுகிற சொல் வேண்டும். கேட்டுக்கு அடிக்கிற சில்வர் பெயிண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் செதில்கள் மேலே மிதந்து வந்து ஒரு ஏடு போலப் படியும், அதனால்தான் தொட்டால் கையில் ஒட்டுகிறது. கார் வண்ணத்தில் செதில்கள் மேலே வராமல் உள்ளே பரவி நிற்கும். முன்னது மிதசெதில், பின்னது அமிழ்செதில். டப்பாவின் அடியில் சாம்பலாகக் கட்டிக் கிடப்பது செதில் வண்டல். அடிப்பதற்கு முன்னால் அதைக் குச்சியால் சுரண்டிக் கலக்கச் சொல்ல ஒரு பெயர் கிடைத்துவிட்டது. திட்டுத் திட்டாக மேகம் போட்ட மாதிரி வந்தால் செதில் திட்டு. மெட்டாலிக்கிலிருந்து இவற்றில் ஒன்றையாவது தமிழில் உண்டாக்க முடியுமா?

பின்னாளில் வந்த ‘பேர்ல்’ வண்ணங்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவற்றில் இருப்பது மைக்கா. அதற்குக் காக்காப்பொன் என்ற அருமையான சொல் ஏற்கெனவே இருக்கிறது, ‘காக்காப்பொன் வண்ணம்’ என்றே வைக்கலாம். 1950-களின் காரைச் செய்கிறவர் அதைத் தொடவே கூடாது, அந்தக் காலத்துக் காரில் அந்த ஒளி கிடையாது.

செதிலா செதிளா என்று யாராவது கேட்பீர்கள். இரண்டும் வழக்கில் உண்டு. பள்ளிப் புத்தகங்களில் செதில் என்று படித்துவிட்டோம், அதையே வைத்துக்கொள்வோம்.

இன்னும் ஒன்று பாக்கி. நேராகப் பார்த்தால் வெளிச்சமாகவும் சாய்த்துப் பார்த்தால் கறுப்பாகவும் தெரிகிற அந்தக் குணம், ஆங்கிலத்தில் ‘ஃப்ளாப்’. 300 எஸ்.எல். மெர்சிடிஸின் வெள்ளிச் சாம்பல், நிற எண் டிபி 180, அதற்காக ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனின் முதுகில் அடித்து எங்கள் வீட்டு வளவில் வைத்துப் பார்த்தேன். மேலிருந்து நேராக வெயில் விழுகிற இடம். ஸ்பூனின் மேடு வெள்ளையாக எரிகிறது, விளிம்பு நோக்கி இறங்க இறங்கச் சாம்பலாகி, ஓரத்தில் கிட்டத்தட்ட மழைமேக நிறம். ஸ்பூனை விரலால் உருட்டினால் அந்த வெள்ளை கூடவே நகர்கிறது. பழைய கார்களின் மட்கார்டு வளைவுகள் எடுப்பாகத் தெரிவது இதனால்தான். இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளின் ஷெட்டில் நிற்கிற கார்களில், வெயில் படாத டிக்கி உள்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள், செதில்வண்ணம் அடித்த காராக இருந்தால் இந்த இறக்கம் இன்னும் இருக்கும்.

இதற்குச் ‘சாய்மங்கல்’ என்று நினைக்கிறேன். சாய்த்தால் மங்குவது. மயில்கழுத்து என்ற நெசவுச் சொல்லையும் யோசித்தேன், ஆனால் அதில் நிறமே வேறாக மாறுகிறது, இங்கே ஒரே நிறத்தின் வெளிச்சம்தான் ஏறி இறங்குகிறது. பட்டு நெசவு தெரிந்தவர்கள் யாராவது குழுவில் இருந்தால், இந்த ஏற்ற இறக்கத்துக்குத் தறியில் என்ன சொல் புழங்குகிறது என்று எழுதுங்கள். அது கிடைத்தால் என் சொல்லை எடுத்துவிட்டு அதையே பட்டியலில் சேர்த்துவிடலாம்.